இளங்காளைகளைச் சுழற்றி மேய்ப்பதா, திறந்துவிட்டு மேய்ப்பதா?

இறைச்சிக்காக வளர்க்கும் மாடுகளில் ஒரு வயதை ஒட்டிய கன்றுகளின் கணக்கே தனி. தாய்ப்பால் மறந்து, உடம்பு 200, 300 கிலோவில் நிற்கும் பருவம் அது. ஐந்து மாதம் புல்லை மட்டும் தின்று நூறு கிலோவுக்கு மேல் ஏற வேண்டும். ஏறினால்தான் காசு. இந்தக் கன்றுகளைப் புல்வெளியில் விட இரண்டு வழி உண்டு. மே மாதம் கேட்டைத் திறந்து உள்ளே விட்டு, அக்டோபரில் போய் ஓட்டி வருவது ஒன்று; இதுதான் தொடர் மேய்ச்சல். நிலத்தை வேலியால் துண்டு துண்டாகப் பிரித்து, மந்தையை ஒரு துண்டில் சில நாள் மேயவிட்டு அடுத்த துண்டுக்கு மாற்றி, தின்ற இடத்துக்கு ஓய்வு கொடுப்பது இன்னொன்று. இது சுழற்சி மேய்ச்சல்.

இயற்கை விவசாயம் பேசுபவர்களைக் கேட்டால் சுழற்சிதான் விவரமானவர் செய்வது, திறந்துவிடுவது சோம்பேறி செய்வது என்று தோன்றும். எனக்கு அதில் உடன்பாடில்லை. சோம்பேறி வழியே அதிக எடை தரும் இடங்கள் இருக்கின்றன, அதற்குக் கறாரான சோதனைச் சான்றும் இருக்கிறது. சுழற்சி அள்ளிக் கொடுக்கும் இடங்களும் இருக்கின்றன. எந்த இடத்தில் எது என்பதைப் பெரும்பாலும் மழை முடிவு செய்கிறது.

கொலராடோவில் நடந்தது

அமெரிக்காவின் கொலராடோ மாநிலத்து வடகிழக்கில் நன் என்று ஒரு சிற்றூர். அதன் அருகே அந்நாட்டு வேளாண் துறைக்கு 1930களிலிருந்தே ஒரு பெரிய ஆய்வுப் புல்வெளி இருக்கிறது. ஆண்டு மழை சுமார் 340 மில்லிமீட்டர். கோவைக்குப் பெய்வதில் ஏறத்தாழ பாதி. ப்ளூ கிராமா, பஃபலோ கிராஸ் போன்ற குட்டைப் புற்கள் தரையோடு தரையாகக் கிடக்கும் நிலம். ஒரு காலத்தில் காட்டெருமைக் கூட்டங்கள் மேய்ந்த இடம்.

இங்கே 2014இல் தொடங்கிய சோதனையை, இந்த முடிவை எடுக்க நினைக்கும் எவரும் தெரிந்துகொள்ள வேண்டும் என்று நினைக்கிறேன். ஏனென்றால் அதற்கு முன் வந்த சோதனைகள்மீது சுழற்சி ஆதரவாளர்கள் வைத்த குறை நியாயமானது: சின்னச் சின்னத் துண்டில் செய்கிறீர்கள், காலண்டரைப் பார்த்து மாட்டை நகர்த்துகிறீர்கள், நிஜப் பண்ணைக்காரர் அப்படியா செய்வார்? இந்தக் குறையைத் தீர்க்கவே இங்கே தலா 130 ஹெக்டேர், அதாவது 320 ஏக்கர் அளவில் இருபது மேய்ச்சல் நிலங்களை எடுத்துக்கொண்டார்கள். மண்ணும் புல்லும் ஒத்தவையாகப் பார்த்துப் பத்து ஜோடியாகப் பிரித்தார்கள். ஜோடியில் ஒன்று தொடர் மேய்ச்சலுக்கு: ஒவ்வொன்றிலும் சுமார் இருபது இளங்காளைகள், பருவம் முழுக்க அங்கேயே. மற்ற பத்தும் சுழற்சிக்கு: இருநூற்றுச் சொச்சம் இளங்காளைகளும் ஒரே மந்தையாகத் துண்டு துண்டாக நகரும். மொத்த நிலத்துக்கு எத்தனை மாடு என்ற விகிதம் இரண்டு பக்கமும் ஒன்றேதான். எப்போது நகர்த்துவது, எந்தத் துண்டுக்கு ஓய்வு என்பதைப் பண்ணைக்காரர்கள், இயற்கைப் பாதுகாப்பு அமைப்பினர், அரசு அலுவலர்கள் என்று பதினொரு பேர் கொண்ட குழு, மிச்சமிருக்கும் புல்லின் அளவைப் பார்த்துப் பார்த்துத் தீர்மானித்தது. சுழற்சி ஜெயிக்க வேண்டுமென்றால் இதைவிட நல்ல வாய்ப்பு கிடைக்காது.

ஜெயிக்கவில்லை. முதல் ஐந்து ஆண்டுகளில் சுழற்சி மந்தை, திறந்துவிட்ட மாடுகளைவிட 12 முதல் 16 சதவீதம் குறைவாகவே எடை ஏறியது. சரி, எடை போனாலும் புல்லாவது செழித்ததா என்றால் அதுவும் இல்லை. எதிர்பார்த்த நல்ல புல் வகைகள் கூடவில்லை.

இந்தச் சதவீதத்தைக் கிலோவாக்கிப் பார்க்கலாம். ஒரு காளை நாளைக்கு 900 கிராம் ஏறுவதாக வைத்துக்கொள்வோம். 140 நாளில் 126 கிலோ. அதில் 14 சதவீதம் என்றால் 17 கிலோவுக்கு மேல். இருநூறு காளைக்கு மூன்றரை டன் போய்விட்டது. வேலிக்கும் தண்ணீர்த் தொட்டிக்கும் ஆள் கூலிக்கும் கூடுதலாகச் செலவழித்த பிறகு வரும் நஷ்டம் இது.

காரணத்தில்தான் இந்த விஷயத்தின் சாரம் இருக்கிறது. வறண்ட புல்வெளியில் வருடப் புல்லின் பெரும்பகுதி மே, ஜூனில் வளர்ந்துவிடும். அப்புறம் மழை பெய்தால் கொஞ்சம் துளிர்க்கும், பெய்யாவிட்டால் அப்படியே முற்றும். முற்றிய புல்லில் புரதம் இறங்கிக்கொண்டே போகும். சுழற்சி மந்தை ஐந்தாவது ஆறாவது துண்டுக்குள் நுழையும்போது ஆகஸ்ட் ஆகிவிடும். அங்கே மாடு வாய் வைக்காமல் காத்திருந்த புல் நிறைய இருக்கும், ஆனால் வைக்கோலை நோக்கிப் போய்க்கொண்டிருக்கும். ஓய்வு கொடுத்தோம் என்று நாம் நினைத்த நாட்களில் அங்கே வளர்ச்சி நடக்கவில்லை. ஈரம் இல்லாத மண்ணில் ஓய்வுக்கு வேலை இல்லை.

திறந்துவிட்ட பக்கம் இருபது காளைகள் 320 ஏக்கரில் இஷ்டத்துக்குத் திரிகின்றன. பிடித்த இடத்தில் மேய்ந்து, சில நாள் கழித்து அதே இடத்துக்குத் திரும்பி வந்து, அங்கே புதிதாக வந்த இளந்துளிரை மட்டும் கடித்துத் தின்கின்றன. இப்படித் திட்டுத் திட்டாக மேய்வதைத்தான் சுழற்சிக்காரர்கள் குறையாகச் சொல்வார்கள். ஆனால் அந்தத் திட்டுகள்தான் கன்றுக்குப் புரதம் தரும் இடங்கள். கழுத்தில் ஜிபிஎஸ் கட்டிப் பார்த்தபோது, நெருக்கமான மந்தையில் இருந்த காளைகள் அதிகம் திரும்பித் தேடாமல் நேராக நடந்துகொண்டே மேய்ந்தது தெரிந்தது. பக்கத்தில் இருநூறு வாய் இருக்கும்போது எது நல்ல புல் என்று நின்று நிதானமாகப் பொறுக்க முடியுமா? முன்னால் கிடைத்ததை வாயில் போட்டுக்கொண்டு நகர வேண்டியதுதான்.

வளர்ந்த பசுவாக இருந்தால் இது பெரிய பாதிப்பில்லை. பால் வற்றிய சினைப்பசு ஏழெட்டு சதவீதப் புரதம் உள்ள புல்லிலும் உடம்பைக் காப்பாற்றிக்கொள்ளும். வேகமாக எடை ஏற வேண்டிய இளங்கன்றுக்குப் பன்னிரண்டு சதவீதத்தை ஒட்டித் தேவை. அதன் வயிறும் சிறியது, நார்ச்சத்தை அடைத்து வைத்துச் சமாளிக்க இடமில்லை. ஆகவே ‘சுழற்சி நல்லதா’ என்று கேட்பவரிடம் முதலில் எந்த வயது மாடு என்று திருப்பிக் கேட்க வேண்டும்.

கொலராடோ ஒன்றும் விதிவிலக்கு இல்லை. 2008இல் டேவிட் பிரிஸ்க் என்ற அமெரிக்கப் புல்வெளி அறிஞரும் கூட்டாளிகளும் அதுவரை வந்த சோதனைகளைத் திரட்டிப் பார்த்தார்கள். தலைக்கு எடை எவ்வளவு ஏறியது என்று அளந்த 38 சோதனைகளில் 35இல் தொடர் மேய்ச்சல் சமமாகவோ மேலாகவோ இருந்தது. ஏக்கர் கணக்கில் பார்த்த 32இல் 27 அப்படியே. புல் உற்பத்தியில் 23க்கு 20. அவர்கள் எடுத்துக்கொண்டவை பெரும்பாலும் வறண்ட, விதைக்காமல் தானாக வளரும் புல்வெளிகள். இதை மறந்துவிட்டு இந்த எண்களை எல்லா ஊருக்கும் தூக்கிக்கொண்டு போவதும் தவறு.

எதிர்த்தரப்பில் ஜிம்பாப்வேயைச் சேர்ந்த ஆலன் சேவரி இருக்கிறார். மந்தையை நெருக்கி ஓட்டினால் பாலைவனமே பசுமையாகும் என்று 2013இல் டெட் (TED) என்ற சொற்பொழிவு மேடையில் பேசி உலகப் புகழ் பெற்றவர். அந்தப் பேச்சைக் கேட்டு உருகியவர்கள் நிறைய. சேவரியைவிட டெக்சாஸின் புல்வெளி ஆய்வாளர் ரிச்சர்ட் டீக் சொல்வதை நான் கூடுதல் அக்கறையோடு கேட்பேன். நன்றாகச் சுழற்றும் பண்ணைகளில், அளவுக்கு மீறிய மாடுகளைத் திறந்துவிட்ட பண்ணைகளைவிட மண்ணும் புல்லும் மேலாக இருப்பதை அவர் அளந்து காட்டினார். ஆனால் அங்கே வித்தியாசம் பெரிதாகத் தெரிந்தது அதிக மாடு விட்ட தொடர் மேய்ச்சலோடு ஒப்பிட்டபோது. மாட்டைக் குறைத்துத் திறந்துவிட்ட பண்ணைகளையும் அவர் அளந்தார்; அங்கே எல்லா அளவிலும் அவ்வளவு வித்தியாசம் இல்லை.

அயர்லாந்தில் வேறு கதை

இப்போது மழை உள்ள பக்கம் போவோம். அயர்லாந்தில் ஆண்டுக்கு ஆயிரம் மில்லிமீட்டரை ஒட்டி, பல இடங்களில் அதற்கும் மேல், மாதம் தவறாமல் பெய்யும். அங்கே விதைத்து வளர்ப்பது ரைகிராஸ் என்ற புல். அதன் ஒரு தூரில் ஒரே நேரத்தில் மூன்று இலைதான் உயிரோடு இருக்கும். நான்காவது வரும்போது முதல் இலை பழுத்துச் சாகும். நல்ல பருவத்தில் இலைக்கு ஒரு வாரம். ஆக மூன்று வாரத்தில் மேய்த்தால் முழு விளைச்சல், தாமதித்தால் அழுகல். முன்கூட்டியே கடித்தாலும் கெடுதல்: சேமித்த சர்க்கரைச் சத்து தீர்ந்து தூர் நலியும். கடித்த மூன்று நாளில் புதுத் துளிர் எட்டிப் பார்க்கத் தொடங்கிவிடும், அதை மாடு மறுபடி கடிக்கக் கூடாது. எனவே அந்நாட்டு வேளாண் ஆய்வு நிறுவனம் டீகாஸ்க் சொல்லும் முறை இது: புல் 8 முதல் 10 சென்டிமீட்டர் இருக்கும்போது உள்ளே விடு, 4 சென்டிமீட்டருக்கு இறங்கியதும் வெளியே எடு, ஒரு துண்டில் மூன்று நாளுக்கு மேல் நிறுத்தாதே, மூன்று வாரத்தில் திரும்பி வா.

பார்த்தால் எல்லா எண்ணும் புல்லின் உடம்பிலிருந்து வந்தவை. ஒரு துண்டுக்கு எத்தனை நாள் ஓய்வு என்பதே மாட்டு எண்ணிக்கையைவிடப் பெரிது என்று பிரெஞ்சு விவசாயி ஆந்த்ரே வுவாசன் 1950களில் வாதாடியது நார்மண்டியின் மழையில் நின்றுகொண்டு. அங்கே ஓய்வு நாளில் புல் உண்மையாகவே வளர்கிறது. திரும்பி வரும் மாட்டுக்குக் கிடைப்பதும் முற்றியது இல்லை, மூன்று வார இளம்புல். கொலராடோவில் சுழற்சி பறித்துக்கொண்ட புரதத்தை இங்கே அதே சுழற்சி தட்டில் வைக்கிறது.

சூடும் மழையும் உள்ள இடத்துக்கு அமெரிக்காவின் ஜார்ஜியா மாநிலம் நல்ல உதாரணம். 1990களில் பெர்முடா புல்லும் ஃபெஸ்க்யூ புல்லும் கலந்த நிலத்தில் பசுவையும் கன்றையும் சேர்த்து மேய்த்துப் பார்த்தார்கள். தொடர் மேய்ச்சலில் ஏக்கருக்கு 0.50 பசு தாங்கிய இடத்தில் சுழற்சியில் 0.69 தாங்கியது. கன்றுகள் பால் மறக்கும்போது இருந்த எடை இரண்டு பக்கமும் ஒன்றுதான், 220 கிலோ சுமாருக்கு. கூடவும் இல்லை, குறையவும் இல்லை. ஆனால் ஏக்கருக்குக் கிடைத்த கன்று எடை 110 கிலோவிலிருந்து 151 கிலோவுக்கு ஏறியது. பசுவுக்குப் போட்ட காய்ந்த புல் 32 சதவீதம் குறைந்தது. தலைக்கு லாபம் இல்லாவிட்டாலும் ஏக்கருக்கு லாபம்.

யாருடைய மாடு, யாருடைய நிலம்

தலைக்கா, ஏக்கருக்கா என்று கேட்காமல் இந்த முடிவை எடுக்க முடியாது. பலர் கேட்பதில்லை. நிலம் உங்களுடையது, இன்னும் இருபது கன்று வாங்கிவிடக் கையில் பணம் இருக்கிறது, புல் மிஞ்சி வீணாகிறது என்றால் ஏக்கர் கணக்குத்தான் உங்கள் கணக்கு. மழையும் ஒத்துழைத்தால் சுழற்சிக்குப் போகலாம். மாடு உங்களுடையது, நிலம் வாடகைக்கு, வாடகையும் தலைக்கு மாதம் இவ்வளவு என்றால், ஒவ்வொரு தலையும் எவ்வளவு ஏறியது என்பது மட்டுமே உங்களைக் காப்பாற்றும். நில உரிமையாளர் சுழற்சிமீது ஆர்வமாக இருந்தால், அதன் பலன் யாருக்குப் போகிறது என்று பார்த்துக்கொள்ளுங்கள்.

இந்த இரண்டு முறையையும் தாண்டி எடையைத் தீர்மானிப்பது எத்தனை மாடு விட்டீர்கள் என்பதே. மாடு கூடக் கூடத் தலைக்கு ஏறும் எடை சீராக இறங்கும் என்று ஜோன்ஸ், சாண்ட்லாண்ட் இருவரும் 1974இல் கோடு போட்டுக் காட்டினார்கள். கொலராடோ நிலத்துக்குப் பெமென்ட் என்ற ஆய்வாளர் 1969இலேயே ஒரு எளிய அளவு சொன்னார்: பருவ முடிவில் ஏக்கருக்கு 300 பவுண்டு, அதாவது 136 கிலோ காய்ந்த புல் மிஞ்சியிருக்கும்படி மாட்டு எண்ணிக்கையை வைத்துக்கொள். அதற்குக் கீழே போனால் புல்லும் நலியும், எடையும் போகும். எந்த வேலியும் போடாமல், அக்டோபரில் நிலத்தில் நடந்து பார்த்துச் சரிசெய்யக்கூடிய முடிவு இது. அளவுக்கு மீறி மாடு கட்டிவிட்டு, நிலம் கெட்டதற்குத் திறந்துவிட்டதைக் குறை சொல்பவர்கள் எல்லா நாட்டிலும் இருக்கிறார்கள்.

குடற்புழு விஷயத்திலும் சுழற்சிக்குத் தகுதிக்கு மேல் நல்ல பெயர். இடத்தை மாற்றினால் புழு போய்விடும் என்பார்கள். அயர்லாந்து மாதிரி குளிர்ந்த ஈரமான இடத்தில் சாணத்தில் விழுந்த முட்டை ஓரிரு வாரத்தில் தொற்றும் பருவத்து லார்வா ஆகிப் புல்லில் ஏறிவிடும். அதன் பிறகு மாதக்கணக்கில் உயிரோடு இருக்கும். மூன்று வாரத்தில் திரும்பி வரும் கன்று மிகச் சரியாக அதன் வாயில் போய் விழுகிறது. முதல் பருவம் மேயும் கன்றுக்கு எதிர்ப்புச் சக்தியும் இல்லை. சைலேஜுக்கு, அதாவது காற்றுப் புகாமல் புளிக்கவைத்துச் சேமிக்கும் தீவனத்துக்கு, அறுத்த நிலத்தில் மறுபடி துளிர்க்கும் புல்லைக் கன்றுகளுக்கு ஒதுக்குவது இதற்கு மேலான வழி.

நம் பக்கத்தில் இதற்கு நேரடி இணை இல்லை. இறைச்சி எடைக்காகக் கன்றைப் புல்வெளியில் வளர்ப்பது இங்கே வழக்கமில்லை. ஆனால் காங்கேயம், வெள்ளகோவில், மூலனூர் பக்கத்துக் கொறங்காடு நினைவுக்கு வருகிறது. கிளுவை வேலி அடைத்து, கொழுக்கட்டைப் புல்லும் வெள்வேல் மரமும் நிற்கும் மேய்ச்சல் காடு. வேலியால் பிரித்து மாற்றி மாற்றி மேய்க்கும் வழக்கம் அங்கே எந்தக் காணொளிக்கும் முன்பிருந்தே உண்டு. மழை மறைவுப் பிரதேசம், பெய்வதில் பெரும்பகுதி வடகிழக்குப் பருவத்தில். அங்கே அடைத்து வைத்த காட்டின் புல் கோடைக்கான கையிருப்பு என்றே எனக்குப் படுகிறது. வளரும் காளைக்கன்றைக் கொழுக்க வைக்க அது போதாது. அதற்குப் பருத்திக்கொட்டையும் பிண்ணாக்கும் தனியாகப் போகும்.

கொலராடோ குழுவும் தன் பத்துத் துண்டுகளில் ஆண்டுக்கு இரண்டை மேய்க்காமல் விட்டுவைக்கத் திட்டமிட்டது. பஞ்ச வருடத்துக்குக் கைவசம் புல். ஆகவே வறண்ட நிலத்தில் சுழற்சிக்கு ஒரு வேலையும் இல்லை என்று சொல்லமாட்டேன். எடையைக் கூட்டும் கருவியாக அதை வாங்காதீர்கள், காப்பீடாக வாங்குவதென்றால் பிரீமியம் எவ்வளவு என்று தெரிந்துகொண்டு வாங்குங்கள். என்னிடம் கேட்டால், மழை 400 மில்லிமீட்டரை ஒட்டிய இடத்தில் இளங்காளைகளைத் திறந்தேவிட்டு, மாட்டு எண்ணிக்கையை இறுக்கிப் பிடித்து, ஓரத்தில் ஐந்தில் ஒரு பங்கு நிலத்தை மட்டும் அடைத்து வைப்பேன்.

மழை தாராளமான இடத்தில் சுழற்சிக்கே என் ஓட்டு. அதற்காக முதல் வருடமே முப்பது துண்டு போட வேண்டாம். நகர்த்தும் மின்கம்பி வேலியால் ஏழெட்டுத் துண்டு போதும், ஆனால் எல்லாத் துண்டுக்கும் தண்ணீர் எட்ட வேண்டும்; திட்டம் பெரும்பாலும் தடுக்கி விழுவது தண்ணீரில்தான். பசுக்களும் இருந்தால் கன்றுகளை ஒரு துண்டு முன்னால் விடுங்கள். அவை நுனியைப் பொறுக்கித் தின்றுவிட்டு நகர்ந்த பிறகு பசுக்கள் வந்து மிச்சத்தை அடி வரை மேயும். பொறுக்கித் தின்னும் வசதி கன்றுக்குக் கிடைக்கும், புல்லும் வீணாகாது.

எந்த வழியானாலும் பருவத்தின் நடுவில் பத்துக் கன்றையாவது தராசில் ஏற்றிப் பாருங்கள். ஜூலையில் தெரிந்தால் நாலைந்து தலையை விற்று மற்றவற்றுக்கு இடம் கொடுக்கலாம். அக்டோபரில் தெரிந்தால் வியாபாரி சொல்லும் எடையைக் கேட்டுக்கொண்டு நிற்க வேண்டியதுதான்.